அவள் பெயரில் என் கேள்வி

அந்தக் கேள்வியை இணையத்தில் தேடினால் இன்றைக்கும் முதலில் வருவது அவள் பெயர்தான். "நான் செய்த திருத்தம் என் கணினியில் தெரிகிறது, மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை?" பக்கத்தில் கல்லூரிக் காலத்துப் படம், சிரித்த முகம். அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்கிற திறமூல மென்பொருள் பக்கம் நான் வந்தபோது எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து போகிறவன். அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய மென்பொருளைச் சோதித்துச் சோதித்துச் சலித்துப்போனவன். தொம்மலூரில் சனிக்கிழமை தோறும் நடந்த கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். புதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு ஆஸ்டின் டவுனிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் இருந்தது. என்னைவிட எவ்வளவோ சின்னவள், என்னை அண்ணா என்பாள். ஒரு விஷயத்தில் மட்டும் கறார்: சந்தேகத்தை இணையத்தில் எல்லாரும் பார்க்கிற பொதுக்குழுவில்தான் கேட்க வேண்டும். "தனியா கேட்டா உங்களுக்கு மட்டும்தாண்ணா பதில். அங்க கேட்டா நாளைக்கு வர்றவங்களுக்கும் ஆகும்."

நான் தனியாகத்தான் கேட்டேன். அந்தக் குழுவில் என் மேலாளரும் இருந்தார். அவரிடம் எல்லாம் தெரிந்தவன்போல அளந்துவிட்டிருந்தேன். திருத்தத்தை என் கணினியிலிருந்த பிரதியில் செய்துவிட்டு, அதை அனுப்பிவைக்க வேண்டும் என்பதே தெரியாமல், ஊர் உலகமெல்லாம் மாறியிருக்கும் என்று காத்திருந்த லட்சணத்தை அவர் கண்ணில் படும்படி எப்படி எழுதுவது? "கூச்சமா இருக்கும்மா" என்றேன். பதில் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அது பொதுவில் இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். "சரி விடுங்கண்ணா, நான் கேக்கறேன்" என்று தன் சந்தேகம்போல அவளே போட்டுவிட்டாள்.

ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதினார். அதன் கீழே குழுவின் மூத்தவர், "இதுகூடத் தெரியாமலா புதியவர்களுக்கு வழிகாட்டுகிறாய்?" என்று கேட்டிருந்தார். மாலை ரயிலில் நின்றபடியே படித்தேன். அது என் கேள்வி என்று எழுத எவ்வளவு நேரமாகிவிடும்? என் மேலாளர் அந்த நக்கலுக்குச் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டிருந்தார். நான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள், "இப்போ தெரிஞ்சிக்கிட்டேன், நன்றி" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

கொஞ்ச நாளில் அவளிடமிருந்த பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தானா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே. பரீட்சை என்று சொல்லி அவளும் வருவதை நிறுத்தினாள். கடைசியாக வந்த அன்று என் திருத்தம் ஏற்கப்பட்ட செய்தியைச் சொன்னார்கள். முதலில் கை தட்டியது அவள்தான். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

இன்று அந்தப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பொதுக்குழுவில்தான் கேட்க வேண்டும் என்று நானும் கூசாமல் சொல்கிறேன். போன சனிக்கிழமை, குழுவில் துணிந்து கேள்வி கேட்டிருந்த முதலாண்டு மாணவி ஒருத்தியைப் பாராட்டினேன். அவள் போனில் அந்தப் பழைய பக்கத்தை எடுத்துக் காட்டினாள். "இந்த அக்காவுக்கே இது தெரியல சார். அப்புறம் எனக்கென்ன வெக்கம்னு கேட்டுட்டேன்."

சிரித்த முகம், அதே கேள்வி. கீழே பதில் எழுதும் கட்டம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. உண்மையை எழுதினால் இந்தப் பெண்ணின் தைரியம் போய்விடுமே என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து எனக்கு ஒரு நல்ல சாக்கும் கிடைத்துவிட்டது.