ஹாம்பர்க் என்றொரு நாடு

கல்லூரியில் முதல் வருடம் முழுக்க எனக்குப் பெயர் ஹாம்பர்க். வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாயைக் கொடுத்து நானே வாங்கிக் கட்டிக்கொண்டது. நவீன உலக வரலாறு முதல் வகுப்பில் மேடம், "ஐரோப்பாவுல இருக்கற நாடுங்க பேரு ஒரு மூணு சொல்லுங்க பார்க்கலாம்" என்றார். மற்றவர்கள் குனிந்துகொண்டிருக்க, நான் எழுந்து கணீரென்று சொன்னேன்: "ஹாம்பர்க், ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதெல்லாம் துறைமுகம் கண்ணு. நாடில்ல" என்றார். வகுப்பு அடக்கவில்லை. கொல்லென்று சிரித்தது. என் பக்கத்தில் இருந்த அனுப்பர்பாளையத்துக்காரி மட்டும் என் சுடிதாரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "நல்லவேளை நீ எந்திரிச்சே. நானு ஃபெலிக்ஸ்டோவ்னு சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். அதுவும் துறைமுகம்தான் என்பது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

பனியன் ஏற்றுமதி செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். தெற்குச் சீமையிலிருந்து பிழைக்க வந்த அப்பாவுக்கு மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். பனியன்களை அடுக்கி, பெட்டியை டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் போய்ச்சேரும் இடத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். "இது எந்த நாட்டுக்குப்பா போகுது?" என்று கேட்பேன். பெட்டி மேல் இருப்பதைப் படித்து, "ஹாம்பர்க்" என்பார் அப்பா. ஹாம்பர்க் இருக்கிற ஜெர்மனியைப் பூகோளப் புத்தகத்தில் படித்தேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் அது புத்தகத்து நாடு. ஹாம்பர்க் எங்களுக்குச் சோறு போட்ட நாடு.

வகுப்பில் நடந்ததை அன்றைக்கே வீட்டில் வந்து கொட்டினேன். "நீங்க சொன்னதைச் சொல்லித்தான் எல்லாரும் சிரிச்சாங்க" என்று கத்தினேன். அதற்குப் பிறகு பெட்டி எங்கே போகிறது என்று கேட்டால், "வெளிநாட்டுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா திரும்பிக்கொள்வார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து என்றால் விட்டுவிடுவேன். அப்பாவைப் பார்த்து அல்லவா சிரித்துவிட்டார்கள்! நூலகத்துக்குப் போய் ஹாம்பர்க்கைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஊரைத் தேடினால் கப்பல் வந்தது, கப்பலைத் தேடினால் பஞ்சு வந்தது, பஞ்சைப் பிடித்துப் போனால் அமெரிக்காவில் அடிமைகளும் அங்கே மூண்ட உள்நாட்டுப் போரும், அந்தப் போரால் நம் ஊர்ப் பஞ்சுக்கு வந்த கிராக்கியும் வந்தன. கோபத்தில் திறந்த புத்தகத்தை மூட மனம் வரவில்லை. இதுதான் என் படிப்பு என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்பா முடிவு செய்யவில்லை. மூன்றாம் வருடம் முடியும்போது, "பனியன் ஆர்டர் பாக்குத மெர்ச்சன்டைசிங் கோர்ஸ்ல சேரு. ஹிஸ்டரியை வச்சி எந்தக் கம்பெனியில வேலை கேப்ப?" என்றார். எம்.ஏ. படித்தே தீருவேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கோயம்புத்தூரில் கல்லூரிகளுக்கிடையே வரலாற்றுப் பேச்சுப்போட்டி வந்தது அப்போதுதான். மேடம் என் பெயரைக் கொடுத்துவிட்டார். அப்பா சொன்னார்: "சரி. அங்க ஜெயிச்சிட்டு வா, எம்.ஏ.க்கு அனுப்புதேன். இல்லைன்னா நான் சொல்லுத கோர்ஸ்தான். பொறவு பேச்சு மாறக்கூடாது."

"உலகம் ஒன்றானது எப்படி?" என்பதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் போர்களையும் உடன்படிக்கைகளையும் வரிசையாக ஒப்பித்தார்கள். நான் பஞ்சில் ஆரம்பித்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, முடிக்கப்போகும் நேரத்தில் நாக்கு பழைய பழக்கத்தில் புரண்டது: "இன்றைக்கும் எங்கள் மண்ணரையில் ஒட்டுகிற பெட்டி ஹாம்பர்க் நாட்டுக்குப் போகிறது."

அரங்கில் சிரிப்பு கிளம்பியது. மேடம் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். நடுவராக இருந்த வயதான பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, "ஹாம்பர்க் ஊருங்களே. நாடுன்னு சொல்றீங்க?" என்றார்.

எம்.ஏ. போயிற்று என்று தோன்றிய அந்த நொடியில்தான் பழைய கோபம் எனக்குத் துணைக்கு வந்தது.

"இப்ப ஊருதாங்க ஐயா. ஆனா ஜெர்மனின்னு ஒரே நாடாச் சேர்றதுக்கு முந்தி அது தனி அரசுங்க. தனிக் கொடி, தனிச் சட்டம். யாரோட வியாபாரம் பண்றதுன்னு தானே ஒப்பந்தம் போட்டுக்கும். எங்கப்பா பெட்டி மேல இருக்கிற பேரைப் படிச்சு அதை நாடுன்னு சொன்னாருங்க. அவர் சொன்னது நூத்தம்பது வருஷம் பழசு, அவ்வளவுதானுங்க. சரக்குக்கு எப்பவுமே துறைமுகம்தானுங்க தெரியும். வெள்ளைக்காரனும் இந்தியாங்கற நாட்டுக்கு வரல. சூரத்துக்கு வந்தான், மெட்ராஸுக்கு வந்தான், கல்கத்தாவுக்கு வந்தான். துறைமுகத்தைப் பிடிச்சான், நாடு பின்னால வந்துச்சு. உலகம் ஒன்னானது அப்படித்தானுங்க."

சிரித்த அரங்கு இப்போது கைதட்டியது. பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உக்காருங்க, ஹாம்பர்க்" என்றார். முதல் பரிசு எனக்குத்தான். எங்கள் கல்லூரிக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் கோப்பை. மேடம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போகாமல் கோப்பையோடு நேராகக் கம்பெனிக்குப் போனேன். அப்பா பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். கோப்பையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டேப்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்பம் நான் சொன்னது தப்பில்லையா?" என்று கேட்டார்.

இத்தனை நாளும் அந்தச் சிரிப்பு அவருக்கும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "இல்லப்பா" என்றேன்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "எம்.ஏ. எங்க சேரணும்னு நாளைக்கே போயி விசாரிச்சிட்டு வா" என்றார். பிறகு பெட்டி தூக்கிக்கொண்டிருந்த ஒடிசாக்காரரைப் பார்த்து, தையல் மிஷின் சத்தத்தையும் மீறிக் குரல் கொடுத்தார்:

"தம்பி, ஹாம்பர்க் நாட்டுப் பெட்டியெல்லாம் முன்னால கொண்டாங்க!"