அண்ணை ஓட்டுக் கேட்ட விதம்

ஷார்ஜாவில் நாங்கள் நான்கு பெண்கள் ஒரே அறையில் இருந்த காலத்தை நினைத்தால், ஏசியின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்ட அண்ணையின் குரல்தான் முதலில் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து லீவு முடிந்து திரும்பிய ஒருவர், அண்ணை பேசிப் பதிந்த கசெட்டைக் கொண்டுவந்து தந்தார்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. அண்ணை ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு இயக்கத்துக்குப் போனவர். பள்ளிக்கூடத்தை முடித்து ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட் ஆனவள் நான் மட்டுந்தான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

அண்ணையின் இயக்கம் துவக்கு முதலான ஆயுதங்களை ஒப்படைத்துக் கட்சியாகப் பதிந்திருந்தது. அவர் தேர்தலில் நிற்கிறாராம்.

"நீ படிச்சனி. நோட்டீசைத் திருத்தி அனுப்பு" என்று கசெட்டில் சொல்லிவிட்டு, தான் எழுதிய தேர்தல் நோட்டீசை வாசித்தார்.

"பொதுமக்கள் அனைவரும் காலை ஏழு மணிக்கே வாக்குச்சாவடிக்குச் சமூகமளிக்க வேண்டும். எமது சின்னத்துக்கே வாக்களிக்க வேண்டும். தவறுவோர்..." இருமினார். "சரி, அதை விடு."

ஓர் அரபு வீட்டில் வேலை செய்துவந்த, ஹட்டன் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் எங்களிடம் வருவார். கசெட்டைக் கேட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னா புள்ள, ஒங்க அண்ணன் ஓட்டு கேக்குறாரா, ஊரடங்கு போடுறாரா? எங்க தோட்டத்துக்கு ஓட்டு கேட்டு வர்றவன் லயத்து வீட்டு வாசல்ல கும்புட்டுக்கிட்டுல்ல நிப்பான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணையின் பழைய நோட்டீஸ்களும் இப்படித்தான் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் சனம் கடைகளைப் பூட்டும். இப்போது இப்படிக் கேட்டால் யார் ஓட்டுப் போடுவார்கள்? தோற்றால் திரும்பவும் துவக்கைத் தேடிப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

மூன்று நாள், டியூட்டி முடிந்து வந்து எழுதினேன். கட்டளைகளை எடுத்துவிட்டு, எங்களால் உங்களுக்கு வந்த கஷ்டங்களுக்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று தொடங்கினேன். அண்ணைக்கு எதிராக நான் எழுதிய முதல் வரி அது. லீவில் ஊருக்குப் போன ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பினேன்.

தேர்தல் முடிந்து அடுத்த கசெட் வந்தது. அண்ணை தோற்றிருந்தார்.

"மன்னிப்பு எண்ட வரியைக் கட்சியில வெட்டிப்போட்டினம். நான் வாயால சொன்னன், வீடு வீடாப் போய். முந்தி நான் போனா உடனே கதவு திறக்கும். இப்ப தட்டிப்போட்டு நிக்கவேண்டிக் கிடக்கு. சிலபேர் திறந்தவை. ஒராள் தேத்தண்ணியும் தந்தவர்."

கசெட்டின் கடைசியில் இப்படிச் சொன்னார்:

"தோத்த ஆக்களும் சனத்துக்கு நன்றி சொல்லி நோட்டீஸ் அடிக்கிறவையாம். அதையும் ஒருக்கா எழுதி அனுப்பு, தங்கச்சி."