சிப்ஸ் கடை அண்ணாச்சி கொடுத்த மூலிகை மாத்திரை

சாரல் நன்றாகப் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவிக்குப் போகும் சாலையில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நான் தலைமைக் காவலர். ஏட்டம்மா என்றால்தான் குற்றாலத்தில் தெரியும். நேந்திரம் சிப்ஸ் கடை ஒன்றின் முன்னால் கூட்டம் நெரிந்தது. அடுப்பு ரோட்டை ஒட்டி இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் அதன் பக்கம் தடுமாறுவதைப் பார்த்ததும் ஓடிப்போய் அவளை அந்தப்பக்கம் தள்ளினேன். அவள் தப்பித்தாள். கூட்டம் தள்ளியதில் அடுப்பிலிருந்த சட்டி என் பக்கம் சாய்ந்தது. கொதிக்கிற தேங்காயெண்ணெய் என் இடது கை முழுக்கவும் தொடையிலும் கொட்டியது.

கடைக்கார அண்ணாச்சி குடம் குடமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். யாரோ பற்பசையை நீட்ட, அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

தென்காசி மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டரம்மா என்னைவிட இளையவர், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

“தொடை தானா ஆறிடும். கையில ஆழம் ஜாஸ்தி. காயம் படாத வலது தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கணும். அதுவரைக்கும் புண்ணுல கிருமி சேராம பாத்துக்கணும்.”

கத்தியோடு நின்றவனையெல்லாம் மடக்கிப் பிடித்திருக்கிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமியை என்ன செய்வது? எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்த தட்டை அப்படியே திருப்பி அனுப்பினேன்.

அப்போதுதான் அண்ணாச்சி ஒரு டப்பாவோடு வந்தார்.

“ஏட்டம்மா, இது பூராவும் செடிகொடியில செஞ்ச மாத்திரை. மஞ்சள், வேம்பு, இன்னும் என்னென்னமோ இருக்காம். தீப்புண்ணு சீழ் வைக்காதுன்னு சொல்லுதாங்க. காலைல ரெண்டு, சாயந்திரம் ரெண்டு.”

“கேஸுக்குப் பயந்து கொண்டாந்திருக்கியளா, அண்ணாச்சி?”

“பயம் இருக்கத்தான் செய்யுது. இல்லன்னு சொன்னா பொய்யில்லா? ஆனா கேஸு இல்லன்னாலும் வந்திருப்பேன். என் சட்டி எண்ணெய்லா உங்க மேல விழுந்திருக்கு.”

ஆட்களை விசாரித்தே பழகியவள் நான். இது உண்மையான பதில் என்று தெரிந்தது. டப்பாவை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. சீசன் முடிவதற்குள் டூட்டிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று ஒரே வேகம். கீரை தின்பதுபோலத்தானே என்று நான்கு நாள் விழுங்கினேன்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் வந்து கேட்டார்: “வேற மாத்திரை, சூரணம், லேகியம் ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“இல்ல” என்று வாய் சொல்லிவிட்டது.

அவர் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எத்தனை பேரிடம் ‘உண்மையைச் சொல்லு’ என்று அதட்டியிருப்பேன்! எனக்கே வெட்கமாகிவிட்டது. “டாக்டரம்மா, ஒரு நிமிஷம்” என்று கூப்பிட்டு டப்பாவை எடுத்து நீட்டினேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே இலைப் படம் இருந்தது. எது எவ்வளவு என்பது எங்கும் இல்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

“செடியிலிருந்து வந்ததுங்கிறதாலயே கெடுதல் இல்லன்னு ஆகாது. குழம்புல போடுற மஞ்சள் வேற. மாத்திரையா அதிகமா உள்ள போனா ரத்தம் உறையறது தாமதமாகலாம். வச்ச தோலுக்கு அடியில ரத்தம் கட்டினா ஒட்டாது.”

“அப்போ இது கிருமியத் தடுக்காதா?”

“தடுக்கும்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. கை கழுவிட்டுப் புண்ணத் தொடறது, சுத்தம் பண்ணிக் கட்டுப் போடறது, நீங்க நல்லா சாப்பிடறது, இதெல்லாம் உதவும்னு தெரியும். முதல் ரெண்டையும் நாங்க பாத்துக்கறோம். நீங்கதான் தட்டைத் திருப்பி அனுப்புறீங்க.”

ரத்தப் பரிசோதனை செய்து, ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

மறுநாள் வந்த அண்ணாச்சியிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. “நல்லது செய்யப் போயி கெடுதல்லா பண்ணிட்டேன்” என்றவர், நேரே டாக்டரிடம் போய் நின்றார். “வேற என்னதாம்மா கொண்டு வரட்டும்?”

“முட்டை சாப்பிடுவாங்களா?”

“எங்க வீட்டுல முட்டை கிடையாது” என்றேன் நான்.

“சரி, செடியிலிருந்தே கொண்டு வாங்க” என்று சிரித்தார் டாக்டர். “நல்லா வேகவச்ச பயறு, கொண்டக்கடலை, பருப்பு. கொய்யா, நெல்லிக்காயைக் கழுவிக் கொடுங்க. கூடவே தயிர். ஆனா டப்பா மட்டும் வேண்டாம்.”

அண்ணாச்சி வீட்டுப் பொருளை நான் சாப்பிட ஒரு தடை இருந்தது: அவர் மேல் உள்ள கேஸில் சாட்சி சொல்ல வேண்டியவளே நான். இன்ஸ்பெக்டருக்கு நானே போன் செய்து, முதலில் என் வாக்குமூலத்தை எழுதி வாங்க ஆள் அனுப்பச் சொன்னேன். அடுப்பு ரோட்டோரம் இருந்தது தப்பு, கூட்டம் தள்ளியது, உடனே தண்ணீர் ஊற்றியது அவர். மூன்றையும் உள்ளது உள்ளபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் அவர் மனைவி செய்து அனுப்பிய சுண்டலைத் தொட்டேன். தொட்டவள் ஒரு கிண்ணத்தோடு நிறுத்தவில்லை.

சொன்ன நாளில் ஆபரேஷன் நடந்தது. ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

“ஒட்டியிருக்கு” என்றார் டாக்டர். “விரலை மடக்குங்க.”

வலித்தது. மடக்கினேன்.

அண்ணாச்சி அபராதம் கட்டினார், அடுப்பைக் கடைக்கு உள்ளே தள்ளிப் போட்டார். எனக்கு அந்த சீசன் படுக்கையிலேயே போனது. அதில் இப்போது வருத்தமில்லை. விரல் பயிற்சிக்காக மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் தீக்காயப் பிரிவை எட்டிப் பார்க்கிறேன். போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண் முந்தானையில் எதையோ சுருட்டி மறைத்தாள்.

“என்னம்மா அது, பொடியா? ஒளிக்காத. டாக்டர் திட்ட மாட்டாங்க. வா, ரெண்டு பேருமாப் போயிக் காட்டுவோம்” என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு கட்டிலை விட்டு இறங்கினாள்.