பௌர்ணமியன்று வராத ஓடிபி

என் மகளுக்கு ஐந்து வயதில் ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. வலிப்புக்காகக் கொடுத்த மாத்திரை அது. பத்தாவது நாள் உடம்பு முழுவதும் சிவந்து கொப்புளித்து, உதடு வெந்து, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். ஒன்பது வருடம் கழித்து, வேலூரில் ஒரு மருத்துவர் அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனது மறதியால் அல்ல. மறக்கலாம் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றிவிட்டேன் அல்லவா, ஞாபகம் எதற்கு என்று.

நான் கலெக்டர் அலுவலகத்தில் உதவியாளர். ஒரு தாளைக்கூடத் தூக்கிப் போட்டுப் பழகாதவன். ஆனாலும் நான்கு வருடத்துக்கு முன்பு, பெரிய கோவிலின் பே கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, ஊர் ஓரம் வேங்கிக்காலில் சொந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, மகளின் மருத்துவக் கோப்பைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவன் நான்தான். சீட்டு, ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் தாள் எல்லாவற்றையும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து போனில் படம் பிடித்து ஏற்றியிருந்தேன். மனைவி அந்த நீலக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"இது என்னங்க எடை இருக்கப் போவுது? ஒரு ஓரமா கிடக்கட்டுமே."

"எல்லாம் மேல இருக்கும்மா. வீடே எரிஞ்சாலும் அது பத்திரமா இருக்கும்."

"மேலன்னா எங்க?"

எனக்கும் தெரியாது. "உனக்குச் சொன்னாப் புரியாது" என்றேன். கோப்பு தராசில் ஏறியது. வீட்டுப் பத்திரத்தையும் மின்வாரிய ரசீதுகளையும் மட்டும் தாளாகவே வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிப் பிரித்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடமாக மகளுக்கு வலிப்பு வரவில்லை. பழைய மருத்துவர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு நிறுத்தியும் விட்டார். அவரும் ஓய்வு பெற்று, தன் மருத்துவமனையை மூடிவிட்டு, வெளிநாட்டில் மகனோடு போய் இருக்கிறார்; அங்குள்ள நம்பர் யாரிடமும் இல்லை. இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் மகள் விழுந்தாள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது நான் அலுவலகத்தில் இரண்டாவது மாடியில் இருந்தேன். படிக்கட்டில் ஓடும்போது கையிலிருந்த போன் நழுவி, கீழ்த்தளம் வரை தட்டித் தட்டி விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது செத்திருந்தது.

அதனால் பெரிய கவலை இல்லை. சிம்மைப் புதிய போனில் போட்டேன். வேலூரில் புதிய மருத்துவரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். வியாழக்கிழமை மதியம் விடுப்பு எடுத்து, ஆன்லைன் கணக்குக்குள் நுழைந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அன்று பௌர்ணமி.

இந்த ஊர்க்காரர்கள் செய்யக்கூடாத தப்பு இது. பௌர்ணமியன்று கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தில் ரோடு மட்டுமா அடைக்கும், சிக்னலும் அடைத்துவிடும். பேசினால் பாதி கேட்காது. அன்றைக்கு நாங்கள் காஸ் சிலிண்டர்கூட புக் பண்ண மாட்டோம். இருபது வருடமாக இங்கே இருக்கிற எனக்கு இது தெரியாதா?

மனைவி சொன்னாள். "நாளைக்கு விடியக்காலம் பண்ணிக்கலாங்க. இன்னிக்கு எதுவும் வராது."

"வரும். நீ சும்மா இரு."

பாஸ்வேர்டைப் போட்டேன். புதிய போன் என்பதால் ஓடிபி அனுப்புகிறோம் என்றது. வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னேன். வரவில்லை. மறுபடியும். அரை மணி நேரம் கழித்து நான்கு ஓடிபி ஒன்றாக வந்து விழுந்தன. எது முதலில் அனுப்பியது, எது கடைசி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றும் தப்பு. நான்காவது முடிந்ததும், இந்தக் கணக்கு உங்களுடையதுதான் என்று வேறு வழியில் உறுதிப்படுத்துங்கள் என்றது. பிறந்த தேதி கேட்டது.

என் தலைமுறையில் பலருக்கு இரண்டு பிறந்த தேதி. எனக்கு ஜாதகப்படி ஐப்பசி. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் வயசு நிரம்பட்டும் என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். வேலை, சம்பளம், ஓய்வு எல்லாம் ஜூன் தேதிக்கு. அர்ச்சனை மட்டும் ஐப்பசிக்கு. இந்தக் கணக்கைப் பல வருடம் முன்பு செங்கம் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டரில் திறந்து கொடுத்தார்கள். சென்டர்காரர் கேட்டதும் நான் சொன்னதும் நினைவில்லை. ஜூனைப் போட்டேன். தப்பு. ஐப்பசித் தேதியை ஆங்கில மாதத்துக்கு மாற்றிப் போட்டேன். தப்பு. அப்படியானால் சென்டர்காரர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைத் தட்டியிருக்க வேண்டும். ஜனவரி ஒன்று என்று போட்டுப் பார்த்தேன்.

பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கணக்கு முடக்கப்பட்டது என்று திரையில் வந்தது. யாருடைய பாதுகாப்புக்காக?

மறுநாள் வேலூரில் அந்த மருத்துவர் அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். பழைய வலிப்பின் வீடியோ ஏதாவது இருக்கிறதா என்றார். பதினொன்று இருக்கிறது. பழைய மருத்துவர் சொல்லி, ஒவ்வொரு முறையும் நானே எடுத்தவை. ரிப்போர்ட் இருக்கிறதா என்றார். இருக்கிறது. எங்கே என்றார்.

"ஆன்லைன்ல இருக்குங்க டாக்டர். திறக்க மாட்டேங்குது."

அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு மாத்திரைகளின் பெயரை எழுதினார். "அப்படிக் கொப்புளம் வந்துச்சுன்னா இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும். இவளுக்கு வர்ற வலிப்புக்கு நான் முதல்ல எழுத நெனைக்கிறது இந்த மேல இருக்கிறதை. ஆனா அன்னிக்கு ஒத்துக்காம போனது இதுதான்னா, மறுபடி குடுத்தா உயிருக்கே ஆபத்து. நிறுத்தின பழைய மாத்திரையும் இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு ஆகாது. பேரு நிச்சயமாத் தெரியணும்."

"தெரியலன்னா?"

"பத்து நாளைக்கு வேற ஒண்ணு தர்றேன். தூக்கம் ஜாஸ்தியா வரும். அதையே ரொம்ப நாள் ஓட்ட முடியாது. அதுக்குள்ள கண்டுபிடிங்க."

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மனைவி அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். என்னிடம் கொடுக்கவில்லை.

அன்று தொடங்கி அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். எழுதினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. கட்டங்களை நிரப்பினேன். என் பிள்ளையின் மருத்துவக் குறிப்பு உள்ளே இருக்கிறது, அவசரம் என்று எழுத அதில் கட்டமே இல்லை. கணக்கை எந்த மாதத்தில் தொடங்கினீர்கள் என்று கேட்க மட்டும் கட்டம் இருந்தது. மூன்று நாள் கழித்துத் தமிழிலேயே பதில் வந்தது. "உங்கள் கோரிக்கையை மதிப்பாய்வு செய்தோம். இந்தக் கணக்கு உங்களுடையது என்பதை எங்களால் உறுதிசெய்ய இயலவில்லை." கீழே, இந்த அனுபவம் எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரம் காட்டினார்கள்.

திங்கட்கிழமைகளில் எங்கள் அலுவலகத்தில் குறைதீர் நாள். மனு வாங்கும் மேசையில் அந்த வாரம் என் முறை. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, வயல் வரப்புத் தகராறு, ஐந்தாவது முறையாக வந்திருந்தார். "பரிசீலனையில் இருக்கும்மா" என்றேன்.

"போன தடவையும் இதையேதான் சொன்ன. அந்த பரிசீலனை எந்த ரூமுல இருக்குது, சொல்லு, நானே போய்ப் பாத்துக்கறேன்" என்றார்.

பக்கத்து மேசைத் தட்டச்சர் அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவின் கையில் ஐந்து ஒப்புகைச் சீட்டு இருந்தது. நம்பர் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தியது. திட்டுவதற்கு எதிரில் நான் இருந்தேன். எனக்கு அந்த இரண்டும் இல்லை. நான் யாரைத் திட்டுவது?

மதியம் தட்டச்சர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீங்களா சார் பேப்பரைப் போட்டீங்க? எனக்கு ஒரு ஜெராக்ஸ் கம்மியா இருந்தாலே ஃபைலைத் திருப்பி அனுப்புவீங்களே!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு, "அன்னிக்குச் சேத்த ஆஸ்பத்திரில கேட்டீங்களா?" என்றார்.

கேட்டாயிற்று. கொப்புளம் வந்தபோது சேர்த்த அந்தச் சின்ன மருத்துவமனை இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. மகள் படுத்திருந்த அறை இருந்த பக்கத்தில் சுடிதார் துணி அடுக்கி வைத்திருக்கிறார்கள். விற்பனைப் பெண் "என்ன பாக்கறீங்க சார்" என்று கேட்டதும் வெளியே வந்துவிட்டேன்.

ஆறாவது நாள் மனைவி சொன்னாள். "மாத்திரையை நாம எங்க வாங்கினோம்?"

"பழைய வீட்டுப் பக்கத்து மெடிக்கல்லதான்."

"அவரைக் கேட்டீங்களா?"

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி வித்த மாத்திரையை அவர் எப்படிச் சொல்லுவாரு?"

"உங்க கம்ப்யூட்டர் சொல்லலையே. போய்க் கேளுங்க."

உண்மையில் நான் அந்தக் கடைக்குப் போகத் தயங்கியதற்குக் காரணம் வேறு. மகளைச் சேர்த்த அன்று, மிச்ச மாத்திரையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கடை வாசலில் நின்று கத்தியிருந்தேன். மருத்துவர் எழுதியதைத்தான் கடைக்காரர் கொடுத்தார், அவர் மேல் தப்பே இல்லை. அதன்பிறகு நான் மருந்து வாங்குவதே வேறு கடையில்.

பே கோபுரத்துப் பக்கம் போனேன். கடைக்காரருக்கு முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"வாங்க சார். பாப்பா எப்படி இருக்கு?"

சொன்னேன். வேலூர் மருத்துவர் எழுதிய தாளை நான் காட்டவே இல்லை. மனைவி அதைப் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்து, "காட்டிட்டுக் கேக்காதீங்க, அவரா சொல்லட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். "அன்னிக்குக் குடுத்த மாத்திரை என்னன்னு உங்களுக்கு..." என்று நான் முடிப்பதற்குள் அவர் பெயரைச் சொல்லிவிட்டார். எத்தனை மில்லிகிராம் என்பதையும் சொன்னார்.

"நிச்சயமாங்களா?"

"கடைக்கு முன்னாடி நின்னு, எம் பொண்ணைக் கொன்னுட்டியேடான்னு கத்தினீங்களே சார், எப்படி மறக்கும்? ஜனமே கூடிப்போச்சு. நீங்க மூஞ்சில விசிறி அடிச்ச ஸ்ட்ரிப்பைப் பொறுக்கி எடுத்து நான்தான பீரோல வெச்சேன். போலீசு கீலீசு வந்தாக் காட்டணுமேன்னு, ரெண்டு மூணு வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன். அதுக்கப்புறம் யார் அந்த மாத்திரை கேட்டாலும், உடம்புல செவப்பு வந்தா உடனே வாங்கன்னு சொல்லித்தான் தர்றேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அட, பிள்ளைங்க விஷயம், விடுங்க சார். டீ சொல்லட்டுமா?" என்றார்.

வெளியே வந்து மனைவி மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டில் மேலே இருந்த பெயர். மருத்துவர் முதலில் எழுத நினைத்த அதே மாத்திரை. வண்டியைக் கிளப்பவில்லை. பூக்கடை ஓரமாக நின்று அந்தப் பெயரை மறுபடி மறுபடி படித்தேன். அந்த மருத்துவர் இவ்வளவு கவனமாக இல்லாமல் இருந்திருந்தால், நானும் "ஞாபகம் இல்லைங்க, நீங்களே பாத்து எழுதுங்க" என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லக்கூடியவன்தான் நான்.

மருத்துவர் இரண்டையும் விட்டுவிட்டு வேறு ஒன்று எழுதினார். "இதைச் சாப்பிட்டா கோபம் கொஞ்சம் வரும், பாத்துக்கோங்க" என்றார். வருகிறது. பரவாயில்லை. மனைவி ஒரு தடித்த பேனாவால், ஒத்துக்கொள்ளாத அந்த மாத்திரையின் பெயரைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதியிருக்கிறாள். மகளின் பள்ளி டைரியில், என் பர்ஸில், தன் அம்மா வீட்டுக் காலண்டரில்கூட எழுதியிருக்கிறாள். என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்து நூறு முறை எழுதச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன்.

கணக்கு இன்னும் திறக்கவில்லை. போன வாரத்துக்கு முன்பே ஒன்பது முறை விண்ணப்பித்திருந்தேன். பதில் ஒரு எழுத்து மாறாமல் வருகிறது. மகள் பிறந்த அன்று எடுத்த படம் அதில்தான் இருக்கிறது. அவள் முதல் முறை சைக்கிள் ஓட்டியதும் அதில்தான். பூட்டியவர்களுக்கு அது என்ன என்று தெரியாது. தெரிந்த எனக்குச் சாவி இல்லை.

போன வாரம் பத்தாவது முறையாகக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அதுல என் வீடியோவும் இருக்கா? நான் விழுந்து கிடக்கிறது?"

"இருக்கு கண்ணு. பதினொண்ணு."

"அதெல்லாம் எடுக்கறப்ப என்னைக் கேட்டியாப்பா?"

அவளுக்கு அப்போது ஐந்து, ஆறு, ஏழு வயது. சுயநினைவும் இருக்காது.

"திறந்தா மொதல்ல அதை அழிச்சிடுவியா?"

"டாக்டருக்குக் காட்டிட்டு அழிச்சிடறேன்."

"திறக்கவே இல்லன்னா?"

"திறக்கும்மா."

"திறக்கலன்னா அது அங்கயே இருக்கும். நாம பாக்க முடியாது, ஆனா இருக்கும். அதான?"

ஆமாம் என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புதிய மாத்திரையின் கோபம் என்று மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரையில் கட்டம் காத்துக்கொண்டிருந்தது. கணக்கைத் திரும்பப் பெற விரும்புவதற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஐந்து காரணங்களை அதுவே கொடுத்திருந்தது. அழிப்பதற்கு என்று அதில் ஒன்று இல்லை. ஐந்தாவதாக இருந்த 'மற்றவை'யைத் தொட்டுவிட்டு, பிறந்த தேதி கேட்ட இடத்தில் மறுபடியும் ஜூன் என்று போட்டேன்.