முள் தடுக்கிய இடம்

தென்காசி, திருநெல்வேலி எல்லாம் அப்பா தேடியும் கிடைக்காத கிளாரினெட் பியானோ இசைத்தட்டு, அவர் இறந்த பிறகு, இன்று ஒரு பழைய சாமான் கடையில் எனக்குக் கிடைத்தது. உறையின் ஈர வாசனையில், இப்போது இல்லாத அந்தக் குற்றாலத்து டீக்கடையும் சாரலும் வடைச் சட்டிப் புகையும் வந்துவிட்டன. கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசித்த அப்பா, அந்தக் கடைக் கிராமபோனில் இதே தட்டைக் கேட்டுக் கேட்டே, என்னை மடியில் வைத்து என் முதுகில் விரலோட்டி அந்த மெட்டைப் பிடித்தார்.

"இன்னொரு தடவ போடும்வே!"

"டீ குடிக்க வந்தீரா அண்ணாச்சி, தட்டைத் தேய்க்க வந்தீரா?" என்பார் கடைக்காரர்.

அந்தக் கடைத் தட்டின் ஒரு கீறலில் முள் தடுக்கி ஒரே துண்டு மூன்று முறை வரும். அதுவும் மெட்டுதான் என்று நினைத்து, அப்பா கல்யாணங்களிலும் மூன்று முறையே வாசித்தார்.

இன்று கிடைத்த தட்டில் கீறல் இல்லை. போட்டுக் கேட்டேன்; அந்தத் துண்டு ஒரே முறை வந்து போய்விட்டது. என் முதுகு மற்ற இரண்டுக்கும் காத்திருந்தது.