புதிய வட்டில் பழைய தடம்

பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் அவள் தெருவில் இறங்கியதில்லை. "உன்னைக் கண்டாலே அந்தப் பூட்டுக்கு நடுக்கம் வருது" என்பான் கணவன். அவள் வேலை செய்யும் செயற்கைக் கால் பட்டறையிலோ அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். வரவேற்பு மேசைக்கு வந்தவள், கணினியைக் கவனிக்க வேறு ஆளில்லாததால், தானே படித்து அதற்கும் பொறுப்பாளியானாள்.

ஒன்பது ஆண்டுகளில் எடுத்த கால் அளவுகள் அனைத்தும் கணினியின் ஒரே வன்வட்டில் இருந்தன, அது நிரம்பிவிட்டது. நகல் வட்டோ சென்ற மாதமே பழுதாகியிருந்தது.

"வெளியாளைக் கூப்பிடலாமே" என்றார் பட்டறை மாஸ்டர்.

"நானே செய்யறேன்."

புதிதாக வாங்கிப் பொருத்திய வட்டில், எல்விஎம் என்ற வட்டிணைப்பு முறையை அமைத்து அளவுகளை அதற்கு மாற்றிவிட்டால், பிறகு எத்தனை வட்டுகளைச் சேர்த்தாலும் எல்லாம் ஒரே கிடங்காக நிற்கும். வட்டுகளுக்குக் கணினி இட்டிருந்த பெயர்களைத் திரையில் பார்த்து, கட்டளைகளை வரிசையாக நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, காலையில் கணினியை இயக்கும் லினக்ஸின் கருவான கெர்னலைப் புதுப்பித்தாள். கணினி மீண்டும் எழுந்ததும், பழைய வட்டைக் கழற்றாமல் பயன்பாட்டிலிருந்து மட்டும் விலக்கிவைத்துவிட்டு, முதல் கட்டளையை நோட்டில் இருந்தபடியே அடித்தாள். திரை கேட்டது: இவ்வட்டில் ஏற்கெனவே கோப்புகளின் தடம் உள்ளது, அழிக்கட்டுமா?

"ஆமான்னு அடிம்மா!" என்றார் மாஸ்டர். " நாலு மணிக்குத் தபால்காரர் வந்துடுவார். அவரோட புதுக் காலுக்குப் பழைய அளவு வேணும்."

"இது புது வட்டு மாஸ்டர். இதுல நான் ஒண்ணுமே எழுதலையே. தடம் எங்கேருந்து வரும்?"

"ஆரம்பிச்சுட்டா! செஞ்ச இடத்துல ஏதாவது எழுதிப் பார்த்திருப்பாங்க."

அவள் 'இல்லை' என்று அழுத்தினாள். "புது வட்டு வந்த அட்டைப்பெட்டியை எடுங்க. மேல இருக்கிற வட்டு எண்ணைப் படிங்க."

மாஸ்டர் சலித்துக்கொண்டே படித்தார். திரையில் அவள் வரவழைத்த வட்டுப் பட்டியலில் அந்த எண் மற்றொரு பெயருக்கு நேராக நின்றது. புதிய கெர்னல் வட்டுகளை வேறு வரிசையில் கண்டுகொண்டதால், இரண்டின் பெயர்களும் இடம் மாறியிருந்தன. அவள் அழிக்க இருந்தது அந்த ஒன்பது ஆண்டுகளைத்தான்.

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தார்.

அவள் நோட்டைப் பக்கத்தில் இழுத்தாள். அதிலிருந்த பெயர்களைக் கோடிட்டு அடித்துவிட்டு, ஒவ்வொரு வட்டுக்கும் அதன் எண்ணை எழுதினாள்; எண்ணைப் பார்த்தே பெயரைத் தேர்ந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை கணினி கேள்வியே கேட்கவில்லை. கிடங்கு அமைந்தது, அளவுகள் ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தன.

நாலரைக்குத் தபால்காரரின் அளவு புதிய வட்டிலிருந்து திறந்தது.

"அப்போ பழைய வட்டையும் இதோட சேர்த்துடலாமா?" என்றார் மாஸ்டர்.

"ஒரு மாசம் போகட்டும். அதுவரை அதுதான் நமக்கு நகல்."

"சரி சரி. அந்த எண்ணை வேணா இன்னொரு தடவை படிக்கட்டுமா?"

"படிங்க" என்றாள் அவள், பேனாவை எடுத்தபடி.