மூணு நாளா யாரும் வேண்டாம்னு சொல்லலை

தி.நகர்ல என் பாத்திரக் கடையில பில் போடுற சாஃப்ட்வேரை இலவசமா எழுதினவர் முரளி. இப்ப அதைப் பராமரிக்க அவரோட சேர்ந்து நாப்பது தன்னார்வலர்கள் இருக்காங்க.

"இனி நான் தலைவர் இல்லை, அஞ்சு பேர் குழு நடத்தட்டும்"னு போன வாரம், கடைக்காரங்களும் இருக்கிற அவங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தார். மூணு நாளைக்குள்ள யாரும் எதிர்க்கலைன்னா முடிவு செல்லும். அது அவங்க வழக்கம்.

இன்னிக்குக் கடைக்கு வந்தார்.

"பாஸாயிடுச்சுண்ணே."

"நல்லது சார், நிம்மதியா இருங்க."

"ஒருத்தராவது 'நீங்களே இருங்க'ன்னு சொல்வாங்கன்னு நினைச்சேன்."

"அப்புறம் எதுக்கு சார் அப்படிப் போட்டீங்க?"

"எத்தனை பேர் தடுப்பாங்கன்னு பாக்கத்தான்."

நானும் அந்த குரூப்புல இருக்கேன். படிச்சேன், பதில் போடலை.

ரெண்டு மாசம் வராத கஸ்டமருக்கே போன் போட்டு விசாரிக்கிறவன் நான். இவருக்கு ஏன் ஒரு வரி எழுதலைன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் தோணலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.